கோர் ஃபைலை அழித்துவிடாதீர்கள், பதில் அதில்தான் இருக்கிறது

ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸைத் தனி ஆளாகக் கவனித்துவரும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் 14.2. ஷேர்டு பஃபர்ஸ் (எல்லா ப்ராசஸ்களும் பங்கிட்டுக்கொள்ளும் மெமரி) 16 ஜிபி. ஐந்து வாரங்களாக, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பெரும்பாலும் இரவு ரிப்போர்ட் ஓடும் நேரத்தில், எல்லாக் கனெக்‌ஷன்களும் ஒரே நொடியில் அறுந்துபோகின்றன. சில நிமிடங்களில் சர்வர் தானாகவே எழுந்துகொள்கிறது. லாகில் "ஒரு சர்வர் ப்ராசஸ் சிக்னல் 11-ஆல் முடிந்தது, செக்மென்டேஷன் ஃபால்ட்" என்ற வரி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. மெமரிப் பற்றாக்குறை என்று நினைத்து 32 ஜிபியை 64 ஆக்கினார், பலனில்லை. வன்பொருள் விற்றவர்கள் மெமரி ஸ்டிக்குகளை மாற்றச் சொல்கிறார்கள். ஒருமுறை 17 ஜிபி அளவில் கோர் ஃபைல் (க்ராஷ் ஆன ப்ராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருந்த ப்ரோகிராமின், மெமரிப் பிரதி) ஒன்று டேட்டா டைரக்டரியிலேயே விழுந்து டிஸ்க் நிரம்பப் போனதால், கோர் டம்பையே நிறுத்திவிட்டார். நல்லவேளை, அந்த ஒரு ஃபைலை வேறு டிஸ்க்கில் வைத்திருக்கிறார். தன் லேப்டாப்பில் ஜிடிபி என்ற டீபக்கர் கொண்டு திறந்தபோது கேள்விக்குறிகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு க்ராஷுக்குப் பிறகும் ஒரு தற்காலிக டேபிள் மட்டும் காலியாகக் கிடக்கிறது. டேட்டா கெட்டுப்போகிறதோ என்று பயப்படுகிறார். இரவு ஒரு மணிக்கு சர்வரை 'கில் 9' (ப்ராசஸை அந்தக் கணமே கொல்லும் சிக்னல்) கொடுத்து நிறுத்தி, பிஐடி ஃபைலை (ஓடும் சர்வரின் ப்ராசஸ் எண்ணைக் குறித்துவைக்கும் ஃபைல்) நீக்கி, மறுபடி கிளப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றையும் ஓட விட்டிருக்கிறார். வேலையை விட்டுப்போன சக ஊழியர் ஒருவர் சி மொழியில் எழுதிய எக்ஸ்டென்ஷன் (டேட்டாபேஸுக்குள் ஏற்றும் கூடுதல் நிரல்) ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிறுவியவர் இவர்தான். இப்போது கூட்டங்களில் எல்லோரும் இவரையே பார்க்கிறார்கள். மேலாளரோ வேறு டேட்டாபேஸுக்கே மாறிவிடலாம் என்கிறார். அவருடைய கேள்விகள் மூன்று: அந்தக் கோர் ஃபைலால் பயன் உண்டா? உதவ முன்வந்த வெளியாள் ஒருவருக்கு அதை அனுப்பலாமா? தவறு என்னுடையதுதானா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பயன் உண்டு, அதுவும் நிறைய. டிஸ்க் நிரம்பப் போன பதற்றத்திலும் அந்த ஃபைலை அழிக்காமல் எடுத்து வைத்தீர்களே, இந்த ஐந்து வாரத்தில் நீங்கள் செய்தவற்றுள் அதுதான் மிகச் சரியான காரியம். கோர் ஃபைல் என்பது செத்த ப்ராசஸ் விட்டுச்சென்ற மரண வாக்குமூலம். காந்த வளையங்களால் ஆன 'கோர்' மெமரி புழக்கத்தில் இருந்த காலத்தில் வந்த பெயர் அது. அந்த மெமரி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. க்ராஷ் ஆன கணத்தில் ப்ராசஸின் மெமரியில் என்ன இருந்ததோ அதைக் கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அப்படியே எழுதி வைத்திருக்கிறது. க்ராஷுக்குக் கோர் டம்ப் காரணமாக இருக்குமோ என்று கடிதத்தில் ஓரிடத்தில் சந்தேகப்பட்டிருந்தீர்கள். இல்லை. ப்ராசஸின் கதை முடிந்த பிறகுதான் அது எழுதப்படுகிறது. டிஸ்க் நிரம்பியது தனிப் பிரச்சினை. அதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஆனால் கோர் ஃபைலைத் தொடுவதற்கு முன் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரு மணி ஸ்கிரிப்டை இன்றைக்கே நிறுத்துங்கள்

க்ராஷைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இந்த ஸ்கிரிப்ட்தான். போஸ்ட்கிரெஸில் போஸ்ட்மாஸ்டர் என்ற தாய் ப்ராசஸ் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் அது ஒரு பிள்ளை ப்ராசஸை உருவாக்குகிறது. தாய்க்கு 'கில் 9' கொடுத்தால், பிள்ளைகளிடம் "முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லக்கூட அதற்கு அவகாசம் கிடையாது. சும்மா இருக்கும் பிள்ளைகள் தாய் போனதைக் கவனித்துத் தாமாக வெளியேறும். கனமான குவரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) மூழ்கியிருக்கும் பிள்ளை அப்படி உடனே கவனிக்காது. டேட்டா ஃபைல்களில் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கலாம். அந்த நிலையில் புதிய சர்வர் கிளம்பிவிடாமல் தடுக்கும் பூட்டுதான் பிஐடி ஃபைல். அதை உங்கள் ஸ்கிரிப்ட் அழிக்கிறது. பழைய பிள்ளை ஒன்று எழுதிக்கொண்டிருக்க, புதிய சர்வர் அதே டைரக்டரியைத் திறந்தால், அதற்குப் பெயர் க்ராஷ் அல்ல, டேட்டா சிதைவு. க்ராஷிலிருந்து சர்வர் தானே மீளும், சிதைவிலிருந்து மீளாது. இதுவரை நடக்காமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் 'ஃபாஸ்ட்' முறையில் நிறுத்துங்கள். ஓடும் ட்ரான்ஸாக்‌ஷன்களை ரத்து செய்து, செக்பாயின்ட் எழுதி (மெமரியில் இருக்கும் மாற்றங்களை டிஸ்க்கில் சேர்த்து), ஒழுங்காக வெளியேறும். தினமும் ரீஸ்டார்ட் செய்வதால் இந்தப் பிரச்சினைக்கு எந்தப் பலனும் இல்லை என்பதற்கு உங்கள் ஐந்து வாரமே சாட்சி: ஒரு மணிக்குப் புதிதாகக் கிளம்பிய சர்வர் மூன்று மணி ரிப்போர்ட்டில் விழுந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

11 என்பது மெமரிப் பற்றாக்குறை அல்ல

மெமரியைக் கூட்டியது ஏன் உதவவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சிக்னல் 11-ல் 'மெமரி' என்ற பேச்சு வருவதால் பலரும் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். ஊரில் வீடு காலியில்லை என்பது ஒன்று. இல்லாத கதவு எண்ணைத் தேடிப் போனது வேறொன்று. சிக்னல் 11 இரண்டாவது வகை. ப்ராசஸ் தனக்குச் சொந்தமில்லாத, அல்லது இல்லவே இல்லாத ஒரு முகவரியைத் தொடப் போனது. கர்னல் அதைக் கொன்றது. ஊரில் எத்தனை வீடு கூடுதலாகக் கட்டினாலும் அந்தக் கதவு எண் வரப்போவதில்லை.

உண்மையிலேயே மெமரி தீர்ந்துபோனால் கர்னலின் ஓஓஎம் கில்லர் ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்து சிக்னல் 9 அனுப்பும். அப்போது லாகில் 11 அல்ல, 9 என்றே இருக்கும். கர்னல் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியும் இருக்கும். 9-க்குக் கோர் ஃபைல் ஒருபோதும் எழுதப்படாது. கோர் ஃபைல் விழுந்திருக்கிறது என்பதே இது 9 அல்ல என்பதற்குப் போதுமான சான்று. சிக்னல் 6 வந்தால் கதை வேறு: மேற்கொண்டு ஓடுவது ஆபத்து என்று ப்ரோகிராமே முடிவுசெய்து தன்னை நிறுத்திக்கொண்டது என்று பொருள். வேல் (WAL, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) ஃபைல் எழுத டிஸ்க்கில் இடமில்லாதபோது வரும் 'பேனிக்' அப்படிப்பட்டது; அங்கே கோரைவிட அதற்கு முந்தைய லாக் வரிதான் முக்கியம். கன்டெய்னரில் ஓட்டுபவர்கள் சிக்னல் எண்ணோடு 128-ஐக் கூட்டிப் பார்க்க வேண்டும்: 137 என்றால் 9, 139 என்றால் 11, 134 என்றால் 6.

ஒரு ப்ராசஸ் செத்ததற்கு எல்லோரையும் ஏன் வெளியே தள்ள வேண்டும் என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஷேர்டு மெமரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சாகும் தறுவாயில் ஒருவர் அதில் எதைக் கிறுக்கிவிட்டுப் போனார் என்று தாய்க்குத் தெரியாது. அதனால் எல்லோரையும் வெளியேற்றி, ஷேர்டு மெமரியைத் துடைத்து, வேல் பதிவுகளை மறுபடி ஓட்டி நேர் செய்கிறது. நீங்கள் எஃப்சிங்கை (எழுதியது டிஸ்க்கில் சேர்ந்துவிட்டதை உறுதிசெய்யும் அமைப்பை) அணைக்காதவரை, கமிட் ஆன டேட்டா திரும்ப வந்துவிடும்.

அப்படியென்றால் அந்த ஒரு டேபிள் மட்டும் ஏன் காலியாகிறது? அதை உருவாக்கிய கட்டளையை எடுத்துப் பாருங்கள். 'அன்லாக்டு' (unlogged, பதிவேட்டில் ஏறாத) டேபிளாக இருக்கும் என்றே நினைக்கிறேன். வேகத்துக்காக வேலில் பதியாமல் எழுதப்படும் டேபிள்கள் அவை. ஒழுங்கற்ற நிறுத்தத்துக்குப் பிறகு போஸ்ட்கிரெஸ் அவற்றை வேண்டுமென்றே காலிசெய்துவிடும். உங்கள் 'கில் 9' ஸ்கிரிப்டும் ஒழுங்கற்ற நிறுத்தம்தான் என்பதால் இரவுதோறும் அதே வேலையைச் செய்திருக்கும். பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளைவரிக் கருவியில் டேபிளின் விவரத்தைக் கேட்டால் தலைப்பிலேயே தெரிந்துவிடும். அந்த டேபிளைப் பொறுத்தவரை நீங்கள் பயந்தது சிதைவு அல்ல.

நீங்கள் ஒட்டி அனுப்பிய மூன்று கர்னல் வரிகள்

கடிதத்தின் அடியில், "இது தேவைப்படுமா தெரியவில்லை" என்று சொல்லி, வெவ்வேறு நாட்களில் கர்னல் லாகில் பதிவான மூன்று வரிகளை ஒட்டியிருந்தீர்கள். அவைதான் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

மூன்றிலும் 'செக்ஃபால்ட் அட் 18' என்று இருக்கிறது. தொடப்போன முகவரி அது, ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணில். அதாவது சுழியத்திலிருந்து 24 பைட் தள்ளி. இவ்வளவு சின்ன முகவரி ஒரு ப்ரோகிராமுக்கு ஒருபோதும் சொந்தமாக இருக்காது. ஒரு ஸ்ட்ரக்சரை (பல ஃபீல்டுகள் கொண்ட டேட்டாத் தொகுதியை) சுட்ட வேண்டிய பாயின்டர், அதாவது முகவரி வைத்திருக்கும் மாறி, வெறும் சுழியமாக இருந்திருக்கிறது. அதில் 24-ஆம் பைட்டில் இருக்க வேண்டிய ஃபீல்டைப் படிக்கப் போய் விழுந்திருக்கிறது. அதை அடுத்து வரும் 'எரர் 4' இதையே உறுதிசெய்கிறது: சாதாரண ப்ரோகிராம், மெமரியில் இல்லாத பக்கத்தை, எழுத அல்ல, படிக்க முயன்றது.

அடுத்து 'ஐபி' என்ற நீண்ட எண். க்ராஷ் ஆன கட்டளை மெமரியில் இருந்த இடம் அது. மூன்று நாளும் மூன்று வேறு எண்கள் என்பதால் தொடர்பில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். கடைசி மூன்று இலக்கங்களைப் பாருங்கள்: மூன்றிலும் 472. ஒவ்வொரு முறை சர்வர் கிளம்பும்போதும் பாதுகாப்புக்காக லைப்ரரிகளைக் கர்னல் இடம் மாற்றி ஏற்றுகிறது. ஆனால் 4096 பைட் கொண்ட பக்கம் பக்கமாகத்தான் நகர்த்தும். அதனால் கடைசி மூன்று ஹெக்ஸ் இலக்கங்கள் மாறுவதில்லை. வரியின் இறுதியில் லைப்ரரியின் பெயரும், அது ஏற்றப்பட்ட இடமும் இருக்கின்றன. ஐபியிலிருந்து அந்த இடத்தைக் கழித்துப் பார்த்தேன். மூன்று முறையும் ஒரே விடை. மூன்று இரவுகளும் உங்கள் எக்ஸ்டென்ஷனின் ஒரே கட்டளையில்தான் சர்வர் விழுந்திருக்கிறது.

மெமரி ஸ்டிக் கெட்டிருந்தால் இப்படி வராது. கெட்ட மெமரி இன்று வரிசைப்படுத்தலில் விழவைக்கும், நாளை வேக்யூமில் (பழைய வரிகளைச் சுத்தம் செய்யும் வேலையில்), மறுநாள் சம்பந்தமே இல்லாத வேறொரு ப்ரோகிராமில். இடம் மாறிக்கொண்டே இருக்கும். கர்னலின் வன்பொருள் பிழைப் பதிவுகளிலும் தடயம் தெரியும். ஒரே கட்டளையில் மூன்று முறை என்பது மென்பொருள் பிழையின் கையெழுத்து. ஸ்டிக்குகளை மாற்றச் செலவழிக்காதீர்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதே அறிவுரையின் பேரில் இரண்டு முறை மெமரியை மாற்றினார்கள். கடைசியில் கோரைத் திறந்தால், ஒரே ஃபங்ஷன் தன்னைத்தானே அழைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ஃப்ரேம்கள் (ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு ஃப்ரேம்). கோரைத் திறந்த பத்தாவது நிமிடம் தெரிந்த விஷயத்துக்கு இரண்டு மாதம் போயிருந்தது.

ஏன் வெறும் கேள்விக்குறிகள்?

கோர் ஃபைலில் டேட்டா இருக்கிறது, பெயர்கள் இல்லை. எந்த முகவரி எந்த ஃபங்ஷன் என்ற அகராதி, பைனரியிலும் (ஓடும் ப்ரோகிராம் ஃபைலிலும்) அதற்கான டீபக் சிம்பல் பேக்கேஜிலும் இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் இருந்தது வேறொரு போஸ்ட்கிரெஸ். வேறு புத்தகத்தின் பொருளடக்கத்தை வைத்துக்கொண்டு பக்கம் தேடினால் என்ன கிடைக்குமோ, அதுதான் கிடைத்திருக்கிறது. "கோர் ஃபைல் இந்தப் பைனரியோடு பொருந்தாமல் போகலாம்" என்று ஜிடிபி ஆரம்பத்தில் ஒரு வரி எச்சரித்திருக்கும், கடந்துபோயிருப்பீர்கள்.

எனவே சர்வரில் எதையும் அப்டேட் செய்வதற்கு முன், இப்போது ஓடும் போஸ்ட்கிரெஸ் பைனரி, எக்ஸ்டென்ஷன் லைப்ரரி, சிஸ்டத்தின் ஜிலிப்சி (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) உள்ளிட்ட லைப்ரரிகள் எல்லாவற்றையும் கோரோடு சேர்த்துப் பிரதியெடுத்து வையுங்கள். இந்த வரிசை முக்கியம். அப்டேட் முதலில் என்றால் வாக்குமூலம் இருக்கும், மொழிபெயர்க்க ஆள் இருக்காது. பிறகு அதே ஆபரேட்டிங் சிஸ்டம் பதிப்புள்ள ஒரு சோதனை மெஷினில், 14.2-க்கே உரிய டீபக் சிம்பல் பேக்கேஜை நிறுவித் திறங்கள்.

திறந்ததும் கொடுக்க வேண்டிய கட்டளை 'பிடி', அதாவது பேக்ட்ரேஸ்: எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல். கீழிருந்து மேலாகப் படியுங்கள். அடியில் மெயின், அதன் மேல் போஸ்ட்மாஸ்டர், போஸ்ட்கிரெஸ்மெயின், பிறகு குவரியை ஓட்டும் எக்ஸிக்யூட்டர் ஃபங்ஷன்கள், உச்சியில் உங்கள் எக்ஸ்டென்ஷன். உச்சி எங்கே விழுந்தது என்று சொல்லும். அடி எப்படி அங்கே வந்தது என்று சொல்லும். ஒரு எச்சரிக்கை: சிம்பல் நீக்கிக் கட்டப்பட்ட லைப்ரரியில், வெளிக்குத் தெரியும் ஃபங்ஷன் பெயர்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் ஃபங்ஷனில் விழுந்திருந்தாலும், அதற்கு முன்னால் இருக்கும் வெளிப்பெயரை ஜிடிபி காட்டிவிடும். உச்சி வரியின் பெயரை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்து, 'டீபக்_குவரி_ஸ்ட்ரிங்' என்ற மாறியை அச்சிடச் சொல்லுங்கள். ஜிடிபி இயல்பாக 200 எழுத்தோடு வெட்டிவிடும்; அந்த அச்சு வரம்பை முதலில் நீக்கிவிட்டால், சாகும்போது ஓடிக்கொண்டிருந்த குவரி முழுவதும் வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸ் லாகிலும் சிக்னல் 11 வரிக்கு அடுத்து, எந்தக் குவரி ஓடியது என்று ஒரு 'டீடெய்ல்' வரி இருக்கிறது; உங்கள் லாக் தேடல் அதை வடிகட்டிவிட்டது போலிருக்கிறது. ஆனால் இயல்பான அமைப்பில் லாக் 1024 பைட்டோடு வெட்டிவிடும். பக்கம் பக்கமாக நீளும் உங்கள் ரிப்போர்ட் குவரிக்கு அது பாதிகூட வராது. கோரில் முழுதாக இருக்கும்.

இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக ஓடியதே?

"இரண்டு ஆண்டுகளாக ஓடிய எக்ஸ்டென்ஷன், ஆகவே அது காரணமாக இருக்க முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் உங்களோடு உடன்பட முடியவில்லை. பிழை முதல் நாளிலிருந்தே இருந்திருக்கலாம். அதைத் தொடும் டேட்டா ஐந்து வாரங்களுக்கு முன்புதான் வந்திருக்கலாம்.

எனக்கு இருக்கும் வலுவான சந்தேகத்தைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸில் சி ஃபங்ஷனை அறிவிக்கும்போது 'ஸ்ட்ரிக்ட்' என்று சொன்னால், உள்ளீடு 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக இருந்தால் ஃபங்ஷனை அழைக்காமலே நல் என்று பதில் தந்துவிடும். சொல்லாவிட்டால் நல்லையும் சேர்த்தே அனுப்பும். சி நிரலாளர்தான் ஒவ்வொரு உள்ளீட்டையும் சோதிக்க வேண்டும். சோதிக்க மறந்தால், சுழியமாக வந்ததைப் பாயின்டர் என்று நம்பி உள்ளே போகும். 24-ஆம் பைட்டில் விழும். உங்கள் மூன்று வரிகளோடு இது அச்சாகப் பொருந்துகிறது. ஐந்து வாரங்களுக்கு முன் ரிப்போர்ட்டில் ஓர் இன்னர் ஜாயின் லெஃப்ட் ஜாயினாக (இணை கிடைக்காத வரிகளுக்கு நல் தருவது) மாறியதா? டேபிளின் ஏதாவது ஒரு நெடுவரிசையில் 'நாட் நல்' (நல் கூடாது என்ற கட்டுப்பாடு) தளர்த்தப்பட்டதா? விசாரியுங்கள்.

சோதிப்பது எளிது: பேக்கப்பிலிருந்து எழுப்பிய பிரதி சர்வரில் அந்த ஃபங்ஷனுக்கு நல் கொடுத்து ஒருமுறை அழையுங்கள். உண்மையான சர்வரில் தயவுசெய்து வேண்டாம். சந்தேகம் சரியாக இருந்தால் எல்லோரும் வெளியே விழுவார்கள். பிரதியில் விழுந்தால் இன்றே செய்யக்கூடிய தற்காலிகத் தீர்வு, 'ஆல்டர் ஃபங்ஷன்' என்ற கட்டளை கொண்டு அதை 'ஸ்ட்ரிக்ட்' ஆக்குவது. கம்பைல் வேண்டாம், ரீஸ்டார்ட் வேண்டாம். நல் வந்தால் வேறு மதிப்பைத் திருப்ப வேண்டிய ஃபங்ஷனாக இருந்தால் விடை மாறிவிடும். ஒரு அக்ரிகேட்டின் (கூட்டுத்தொகை போன்ற தொகுப்புக் கணக்கின்) உள்ளே பயன்பட்டாலும் கணக்கு மாறலாம். ரிப்போர்ட்டின் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வு சி நிரலைத் திருத்துவது. அந்தச் சோர்ஸ் உங்களிடம் இருக்கிறது என்கிறீர்கள்; டீபக் தகவலோடு கம்பைல் செய்து வையுங்கள், அடுத்த முறை வரி எண்ணே கிடைக்கும்.

என் சந்தேகம் தவறாகவும் இருக்கலாம். விடுவிக்கப்பட்ட மெமரியைத் திரும்பத் தொடுவது போன்ற பிழைகளும் சில சமயம் இதே தோற்றம் தரும். அப்போது கோர்தான் வழிகாட்டும்.

கோர் டம்பை மறுபடி திறந்து வைக்க

உங்கள் கோர் 17 ஜிபி ஆனதற்குக் காரணம், 16 ஜிபி ஷேர்டு பஃபர்ஸும் அதில் எழுதப்பட்டதுதான். இந்தப் பிழைக்கு அது தேவையே இல்லை. எந்த வகை மெமரியைக் கோரில் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. ஹெக்ஸில் 33 என்பது இயல்பு மதிப்பு; 31 ஆக்கினால் ஷேர்டு மெமரி விடுபடும். தாயிடம் வைத்தால் பிள்ளைகளுக்கும் அதுவே வரும். சேவைகளைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் புதிய பதிப்புகளில் சர்வீஸ் ஃபைலில் 'கோர்டம்ப்ஃபில்டர்' என்ற ஒரே வரியில் இதை எழுதிவிடலாம். கூடவே 'லிமிட்கோர்' என்பதை இன்ஃபினிட்டி ஆக்குங்கள். அது இல்லாவிட்டால் பல லினக்ஸ்களில் கோர் அளவின் வரம்பு சுழியமாக இருக்கும். இரண்டுக்கும் ஒரு ரீஸ்டார்ட் தேவை.

கோர் டேட்டா டைரக்டரியில் விழுந்ததற்குக் காரணம் 'கோர் பேட்டர்ன்' என்ற கர்னல் அமைப்பு. அதில் வெறும் பெயர் இருந்தால் ப்ராசஸ் நின்றுகொண்டிருக்கும் டைரக்டரியில் எழுதும். போஸ்ட்கிரெஸ் நிற்பது டேட்டா டைரக்டரியில். தனி டிஸ்க்கில் உள்ள ஒரு டைரக்டரியின் முழுப் பாதையைக் கொடுங்கள், பெயரில் ப்ராசஸ் எண்ணும் நேரமும் சேரும்படி. சிஸ்டம்டி-கோர்டம்ப்பிடம் ஒப்படைத்திருந்தால் அதன் அளவு வரம்பைப் பாருங்கள். வரம்பை மீறிய கோர் வெட்டப்பட்டுப் பயனற்றுப்போகும். பழைய கோர்களைச் சில நாட்களில் அது அழித்தும்விடும்.

இன்னொன்று. கோர் எழுதி முடியும்வரை பிள்ளை செத்த செய்தி தாய்க்குப் போகாது. 17 ஜிபி எழுதும் நேரம் முழுக்க, அந்தப் பிள்ளை பிடித்திருந்த பூட்டுகளுக்காக மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள். கோர் டம்ப் போட்ட அன்று முடக்கம் நீண்டதாக நீங்கள் உணர்ந்தது இதனால்தான். ஃபைல் சிறிதானால் இதுவும் சுருங்கும்.

வெளியாளுக்கு அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். அந்த 17 ஜிபியில் உங்கள் வாடிக்கையாளர்களின் டேட்டா பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தாலும் மெமரியில் அவை வெளிப்படையாகவே இருக்கும். குவரிக்குள் எழுதப்பட்ட கடவுச்சொல்லோ என்கிரிப்ஷன் சாவியோ இருந்தால் அதுவும் உள்ளே. ஒரு கோரைக் கொடுப்பதும் டேட்டாபேஸின் ஒரு துண்டைக் கொடுப்பதும் ஒன்றுதான். அதைத் தனியாக முடிவுசெய்யும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு செய்தாலும் பின்னால் உங்கள் மீதுதான் வரும்.

உதவ வந்தவருக்கு உண்மையில் தேவைப்படுவது பேக்ட்ரேஸ் மட்டுமே. சாதாரண 'பிடி' போதும். 'பிடி ஃபுல்' லோக்கல் மாறிகளின் மதிப்பையும் கொட்டும். சாதாரண பேக்ட்ரேஸிலும் குவரி உரையோ மதிப்புகளோ எட்டிப் பார்க்கலாம். வரிவரியாகப் படித்து மறைத்துவிட்டு அனுப்புங்கள். முழுக் கோரையே ஒருவர் பார்த்தாக வேண்டுமென்றால், எழுத்துப்பூர்வ அனுமதியோடு, உங்கள் மெஷினிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும். இப்போதைக்கு, அந்த ஃபைலைப் படிக்கும் உரிமை உங்கள் கணக்குக்கு மட்டும் என்று மாற்றி வையுங்கள்.

14.2 பற்றித் தனியாக

உங்கள் க்ராஷோடு இதைக் கலக்காதீர்கள்; ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. போஸ்ட்கிரெஸ் 14-ன் ஆரம்பப் பதிப்புகளில், 'கன்கரன்ட்லி' முறையில் இன்டெக்ஸ் உருவாக்கினாலோ ரீஇன்டெக்ஸ் செய்தாலோ இன்டெக்ஸ் சத்தமில்லாமல் கெட்டுப்போகக்கூடிய பிழை இருந்தது. 2022 ஜூனில் வந்த 14.4 அதைச் சரிசெய்தது. நீங்கள் அதற்கு முந்தைய பதிப்பில் இருக்கிறீர்கள். பைனரிகளைப் பிரதியெடுத்த பிறகு, 14 வரிசையின் கடைசிப் பதிப்புக்கு மாறுங்கள். இதே வரிசைக்குள் என்பதால் டம்ப் எடுத்து ஏற்றும் வேலை இல்லை, பைனரியை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் போதும். அந்த முறையில் உருவான இன்டெக்ஸ்களை மறுபடி கட்டுங்கள். சிதைவைச் சோதிக்கும் 'பிஜி_ஆம்செக்'கை, ஹீப்பில் (டேபிளின் வரிகள் இருக்கும் ஃபைலில்) உள்ள எல்லா வரிகளும் இன்டெக்ஸில் உண்டா என்று பார்க்கும் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள். உங்கள் ஒரு மணி ஸ்கிரிப்ட் எதையாவது கெடுத்திருந்தால் அதையும் இது வெளிக்கொணர வாய்ப்புண்டு. எல்லாவற்றுக்கும் முன் ஒரு முழு பேக்கப்.

பழியும் இடமாற்றமும்

மேலாளரிடம் சொல்ல வேண்டியது இது: சி மொழி எக்ஸ்டென்ஷன் சர்வர் ப்ராசஸுக்கு உள்ளேயே ஓடுகிறது. அதன் பிழை சர்வரின் பிழையாகவே முடியும். இப்படி நேட்டிவ் நிரலை உள்ளே ஏற்க அனுமதிக்கும் எந்த டேட்டாபேஸுக்கும் இதே ஆபத்து உண்டு. புதிய இடத்துக்குப் போனாலும் அந்த ஃபங்ஷனை யாரோ ஒருவர் மறுபடி எழுதத்தான் வேண்டும். எழுதுவதென்றால் இங்கேயே போஸ்ட்கிரெஸின் சொந்த நிரல்மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லிலோ அப்ளிகேஷன் பக்கமோ எழுதலாம். மெதுவாக ஓடும், ஆனால் நல் வந்தால் ஒரு குவரி பிழை தரும், சர்வர் விழாது. என்னைக் கேட்டால், ஃபங்ஷன் சிறியதாக இருந்தால் இந்த வழியையே தேர்ந்தெடுப்பேன்.

தவறு உங்களுடையதா என்று கேட்டீர்கள். எக்ஸ்டென்ஷனை நிறுவியது நீங்கள், எழுதியது நீங்கள் அல்ல. அதை யாரும் மறுபார்வை செய்யாமல் விட்டது ஒருவரின் தவறு மட்டும் அல்ல. உங்கள் பங்கு என்று நான் கருதுவது அந்த 'கில் 9' ஸ்கிரிப்டை மட்டும்தான். அதை நீங்களே முன்வந்து கூட்டத்தில் சொல்லுங்கள், வேறொருவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். கையில் மூன்று கர்னல் வரிகளும், பேக்ட்ரேஸும், பிரதி சர்வரில் நல் கொடுத்ததும் விழுந்த பதிவும் இருந்தால், பேச்சு "யார்" என்பதிலிருந்து "எந்த வரி" என்பதற்கு நகர்ந்துவிடும்.

சோதனையில் ஃபங்ஷன் நல்லுக்கு விழவில்லை என்றால், பேக்ட்ரேஸின் உச்சியிலிருந்து பத்து ஃப்ரேம்களை, மதிப்புகளை மறைத்து, எனக்கு எழுதுங்கள். அங்கிருந்து தொடர்வோம்.